மறு: தொண்டு இல்லங்களுக்கு அரசு தரும் பணம்: மானியமா, நல்கையா?

> மானியம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு?

கோவை ஐயாவுக்கு வணக்கம். தொண்டு இல்லங்களுக்கு அரசு தரும் பணத்தை மானியம் என்னாமல் 'நல்கை', அதாவது கொடுப்பது, என்று சொல்லலாமா என்று இந்தக் குழுவில் கேட்டேன். நீங்கள் திருப்பிக் கேட்பது நியாயம்தான். நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்ல இங்குள்ள நிலைமையைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் தமிழில் போடுகிறோம். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருந்தாலும் அந்தப் பக்கத்தை நான் விடுவதாக இல்லை. வரவில் முதல் வரி அரசு தரும் பணம். தலைக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு, ஆங்கிலத்தில் சப்சிடி. போன வருடம் அதை மானியம் என்று எழுதினேன். கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, "கவர்ன்மென்ட் நமக்கு இவ்வளவு தர்மம் பண்ணுதா?" என்று கேட்டார். அந்த வருடம்தான் மூன்று மாதம் பணம் வராமல், கடைக்காரர்களிடம் அரிசியும் பருப்பும் கடன் சொல்லி வாங்கி இல்லத்தை நடத்தினோம். தர்மம் என்றால் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க வாய் வராது. என் சொல்தான் பாட்டியை அப்படி நினைக்க வைத்தது.

உர மானியம், டீசல் மானியம் என்றால் விலையில் ஒரு பங்கை அரசு தாங்குகிறது, வாங்குகிறவர் பயனடைகிறார். அங்கே அந்தச் சொல் சரி. எங்கள் இல்லம் பயனாளி இல்லை. அரசு செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. இந்த நாட்டின் 1996 அரசியல் சட்டத்தில் மருத்துவமும் சமூகப் பாதுகாப்பும் 27-ஆம் பிரிவில் உரிமைகளாக இருக்கின்றன, குழந்தைகளின் பராமரிப்பு 28-இல், கல்வி 29-இல். 2010-இல் ப்ளூம்ஃபொண்டைன் உயர் நீதிமன்றத்தில் தொண்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் இந்த அமைப்புகள் அரசின் கடமையைத்தான் நிறைவேற்றுகின்றன, ஆகவே பணம் கொடுக்கும் முறை நியாயமாக இருக்க வேண்டும். அந்த வழக்கில் பேசப்பட்ட, அரசு பணம் கொடுப்பதற்கான கொள்கையின் பெயரிலேயே 'அவார்ட்' என்ற சொல் இருந்தது. தமிழாக்கினால் 'நிதி விருது'! முதியவருக்குச் சோறு போட விருதா? சொல் தப்பாக அமைந்தால் கொடுப்பவர் மனமும் அப்படியே அமைந்துவிடும் என்று எனக்குப் பயம்.

'உதவித்தொகை' என்று மலேசியத் தம்பி சொன்னதும் இங்கே ஒத்துவராது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அரசு நேரடியாகத் தரும் பணத்தை வீட்டில் "கிராண்ட்" என்கிறோம். 'அம்மா கிராண்ட் வாங்கப் போயிருக்காங்க' என்பது அன்றாடப் பேச்சு. அதற்குத்தான் உதவித்தொகை பொருந்தும். தனி ஆளுக்குப் போவதும் நிறுவனத்துக்குப் போவதும் ஒரே பெயரில் நின்றால் அறிக்கை படிப்பவர் குழம்பிப்போவார்.

யாழ்ப்பாணத்து அக்கா 'நிவந்தம்' என்று எழுதியதைப் பார்த்து மனம் நிறைந்தது. திருமுக்கூடல் கல்வெட்டில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து ஆதுலர் சாலையைப் (மருத்துவமனையை) பற்றி வருகிறதே, 15 படுக்கை, மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொதுப் பணம் ஒதுக்குவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அக்கா, நிவந்தம் என்றால் நிலைத்த வருவாய். எங்களுக்கு வருவது ஒப்பந்தம் போட்டு வருடா வருடம் புதுப்பிக்கும் பணம். நிவந்தம் என்று எழுதினால் இல்லாத உறுதியைச் சொன்னதாகிவிடும். அதை அறக்கட்டளையின் வைப்புநிதிக்கு வைத்துக்கொள்ளலாமே.

டர்பன் இருக்கும் பழைய நேட்டால் மாகாணத்தில் இன்னொரு முறையும் இருந்தது. இந்தியர்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அவர்கள் ஒரு பவுண்டு போட்டால் அரசு ஒரு பவுண்டு. எங்கள் தாத்தா கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கலும் சுமந்திருக்கிறார். வலங்கைமானில் பிறந்து 1927-இல் இந்திய அரசின் முகவராக இங்கு வந்த சீனிவாச சாஸ்திரியின் முயற்சியில் எழுந்த சாஸ்திரி கல்லூரிக்கும் நம் மக்கள் பணம்தான் அடித்தளம். அந்தப் பவுண்டுக்குப் பவுண்டு பணத்துக்கு 'இணை நல்கை' என்று வைக்கலாம். இதில் நம் சொல் விவாதக் குழுவில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

> நல்கையிலும் கொடுப்பவர் கைதானே மேலே இருக்கிறது?

சிங்கப்பூர் அண்ணன் கேட்ட இந்தக் கேள்விதான் கடினமானது. அதற்குப் பொன்முடியாரிடம் போனேன். புறநானூறு 312-இல் யார் யாருக்கு என்ன கடமை என்று வரிசையாகச் சொல்லும்போது "நல்கல் வேந்தற்குக் கடனே" என்கிறார். நல்குவது அரசனின் பெருந்தன்மை அல்ல, அவன் செய்தே தீர வேண்டியது. 'கடன்' இன்று வட்டிக்கு வாங்குவதாகிவிட்டது, அதனால் 'கடன் நல்கை' என்றால் வங்கியைத்தான் நினைப்பார்கள். அப்புறம் தோன்றியது 'கடமை நல்கை'.

இந்தச் சொல்லில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் இருக்கும் ஹௌட்டெங் மாகாணத்தில் 2016-இல் லைஃப் எசிடிமேனி என்ற தனியார் நிறுவனத்தின் இல்லங்களில் இருந்த மனநோயாளிகளைச் செலவு குறையும் என்று மாகாண அரசு பிரித்து, முறையான உரிமம் இல்லாத தொண்டு அமைப்புகளிடம் அனுப்பியது. 144 பேர் இறந்தார்கள். ஆளையும் பணத்தையும் தள்ளிவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்று நினைத்ததன் விலை அது. கடமை நல்கை என்று எழுதும்போது பணம் எங்கள் கைக்கு வந்த பிறகும் கடமை அரசிடமே இருக்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே நிற்கும். மானியத்துக்கு அந்தப் பொருள் வராது.

வரியில் வைத்துப் பார்த்தேன். "இவ்வாண்டு கடமை நல்கை மூன்று மாதம் தாமதமாக வந்தது." "பள்ளிக் கட்டடத்துக்கு இணை நல்கை கேட்டு விண்ணப்பித்துள்ளோம்." காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

அறிக்கை மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. கோவை ஐயா இன்னும் மானியத்தில்தான் நிற்கிறீர்களா என்று எழுதுங்கள். இலக்கணம் தெரிந்தவர்கள் 'கடமைநல்கை' என்று சேர்த்து எழுதலாமா, பிரித்தே விடலாமா என்றும் சொல்லுங்கள்.