கனோவாவோட பிளாஸ்டர் சிலைகள்ல இருக்கிற கறுப்புப் புள்ளி என்னது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா சிற்பி அன்டோனியோ கனோவா பத்தி தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன். இத்தாலியில அவர் பிறந்த பொசாஞ்ஞோ ஊர் மியூசியத்து போட்டோ எல்லாம் பாத்தேன், அங்க இருக்கிற பிளாஸ்டர் சிலைங்க மேல பூரா சின்னச் சின்னதா கறுப்புப் புள்ளி, முகத்தக்கூட விடல, அம்மை போட்ட மாதிரி இருக்கு. பூஞ்சையா, இல்ல வேணும்னே வச்சதா? அப்புறம் மார்பிள அவர் செதுக்கல, ஆள் வச்சுதான் செதுக்கினார்னு ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கிற க்யூபிட்-சைக்கி (புராணக் காதல் ஜோடி) சிலை முழுக்க அவர் கைவேலைன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

பதில் 1:
பூஞ்சை இல்லீங்க, ஆணி. அவர் முதல்ல களிமண்ல சின்னதா ஒண்ணு பிடிச்சுப் பாப்பார், பிடிச்சிருந்தா அதையே முழு அளவுல களிமண்ல செய்வார், அதுக்கு அச்சு எடுத்து பிளாஸ்டர் வார்ப்பாங்க. அந்த பிளாஸ்டர்ல மூக்கு நுனி, முட்டி, விரல்னு முக்கியமான இடத்துல எல்லாம் ஆணி அடிச்சு, ஒவ்வொரு ஆணியும் எவ்வளவு மேல எவ்வளவு உள்ளன்னு அளந்து அதே அளவுக்கு மார்பிள்ல குடைஞ்சிட்டுப் போவாங்க. இந்த வேலைதான் உதவியாளருங்க செஞ்சது. ஆனா அவங்க கடைசி வரைக்கும் போக மாட்டாங்க, மேல மெல்லிசா ஒரு படலம் மார்பிள் செதுக்காம விட்டுருவாங்க, அதுக்கப்புறம் கனோவாதான். ராத்திரி மெழுகுவத்திய சிலைக்குப் பக்கத்துல பிடிச்சு நிழல் எங்க தப்பா விழுதுன்னு பாத்துப் பாத்து அரத்தால தேய்ப்பார். நம்ம கண்ணு பாக்கிற தோல் மொத்தமும் அந்தக் கடைசி வேலைதான், அதனால நீங்க நம்பினது தப்பே இல்ல.

பதில் 2:
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். அவர் கல்லு தெரியாம டிசைன் மட்டும் போட்ட ஆள் கிடையாது. சின்ன வயசுலயே அப்பா இறந்துட்டார், வளத்தது தாத்தா பசினோ, அவர் கல்தச்சர், உளி பிடிக்கக் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். ரோம்ல போப் கல்லறைச் சிலைங்க செஞ்ச காலத்துல துளைக்கிற கருவிய நெஞ்சோட அழுத்தி அழுத்தி வேலை பாத்ததுல நெஞ்செலும்பே உள்ள அமுங்கிடுச்சுன்னு சொல்லுவாங்க. அப்படி உழைச்ச மனுஷனப் போய் ஆள் வச்சு செஞ்சார்னு ஒரே வரியில முடிக்கிறது எனக்கு மனசு ஒப்பல.

பதில் 3:
அந்த பிளாஸ்டர சாதாரணமா நெனச்சிடாதீங்க. அமெரிக்காவுல ராலே நகரத்துக்காக அவர் செஞ்ச ஜார்ஜ் வாஷிங்டன் சிலை 1821ல போய்ச் சேந்துச்சு, பத்தே வருஷம், 1831ல அது இருந்த கட்டடம் தீப்பிடிச்சு சிலையும் போச்சு. பொசாஞ்ஞோல அதோட பிளாஸ்டர் மாதிரி பத்திரமா இருந்ததாலதான் அதப் பாத்து மறுபடி மார்பிள்ல செதுக்கி 1970ல அங்க வச்சாங்க. முதல் உலகப்போர்ல குண்டு விழுந்து மியூசியத்துலயும் நிறைய உடைஞ்சது, ஒட்டிச் சரி பண்ணியிருக்காங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப அந்த போட்டோவ பெருசாக்கிப் பாக்கறேன், சைக்கியோட கன்னத்துல ஆணி எங்க இருக்குன்னு தேடிட்டு இருக்கேன்.