மாலை ஏழு மணிக்கு அறுந்துபோகும் மின்கம்பி வழி இணையம்: காரணம் என்ன, வேறு வழி உண்டா?

கேள்வி (மதுரை)

வணக்கம். எங்கள் வீடு 1994இல் கட்டியது. கீழ்த்தளமும் மாடியும் உண்டு. ஃபைபர் இணைப்பின் பெட்டியும் ரூட்டரும் கீழே வாசல் அறையில் இருக்கின்றன. நான் வேலை பார்ப்பது மாடியின் பின்கோடி அறையில். இடையில் ஒரு கான்கிரீட் தளமும் மூன்று ஒன்பது அங்குலச் சுவர்களும் நிற்பதால் வைஃபை அங்கு எட்டுவதில்லை. சென்ற ஆண்டுதான் வீடு முழுவதும் பெயின்ட் அடித்தோம். இப்போது சுவரைக் கொத்தி லேன் கேபிள் இழுக்க அம்மாவுக்கு மனமில்லை. ஆகவே, 600 எம்பிபிஎஸ் (நொடிக்கு 600 மெகாபிட் வேகம்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்த, வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்றை வாங்கி, ஒன்றைக் கீழே ரூட்டர் அருகிலும் மற்றொன்றை மாடி அறையிலும் செருகினேன்.

பகலில் 55 முதல் 60 எம்பிபிஎஸ் வரை கிடைக்கிறது. மாலை ஏழு மணி ஆனதும் அது 4 அல்லது 5 ஆகிவிடுகிறது. சில நாட்களில் அடாப்டரின் விளக்கு சிவப்பாகி, இணைப்பே அறுந்துவிடுகிறது. இரவு பத்தரை மணிக்கு மேல் யாரும் எதுவும் செய்யாமலே சரியாகிறது. அதே மாலை நேரத்தில் ரூட்டர் பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பார்த்தால் திட்டத்தின் 100 எம்பிபிஎஸ் முழுதாக வருகிறது. அடாப்டர்களை மறுபடி இணைத்தும், லேன் கேபிளை மாற்றியும் பயனில்லை. என் அலுவலகத்தின் முக்கியமான அழைப்புகள் இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்குகின்றன. அடாப்டர் பழுதா, வயரிங் பழுதா, அல்லது இதை விட்டுவிட்டுக் கம்பியில்லா வழிக்குப் போவதே நல்லதா?

மறுமொழி 1 (நாகர்கோவில், மின்பணியாளர்)

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதிய நேரக்கணக்கைப் படித்ததும் எனக்கு அடாப்டர் மீது சந்தேகம் வரவில்லை. மெயின் போர்டின் மீதுதான் வந்தது. மாடியுள்ள வீடு என்பதால் மும்முனை இணைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வீட்டுக்குள் வரும் மூன்று மின்முனைகளில் கீழ்த்தளத்துக்கு ஒரு முனை (பேஸ்), மாடிக்கு ஒரு பேஸ், மோட்டாருக்கு ஒரு பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பவர்லைன் அடாப்டர் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அதே கம்பியில், ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே உள்ள அதிர்வெண்களில் தன் அலையை ஏற்றி அனுப்புகிறது. இரண்டு அடாப்டர்களும் ஒரே பேஸில் இருந்தால் அலை செம்புக்கம்பி வழியே நேராகப் போய்ச் சேரும். வேறு வேறு பேஸில் இருந்தால், ஒரே குழாய்க்குள் அருகருகே ஓடும் கம்பிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற கொஞ்சநஞ்ச அலைதான் மறுமுனைக்குக் கிடைக்கும். அந்த நிலையில் பக்கத்து அறையில் மிக்ஸி ஓடினாலே இணைப்பு தடுமாறும்.

இனி முக்கியமான கேள்வி. உங்கள் மெயின் போர்டில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால், மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது அதை யாராவது திருப்புகிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். போர்டை நீங்களாகத் திறக்க வேண்டாம். வெளியே தெரியும் குமிழின் நிலையைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் போதும்.

மறுமொழி 2 (கோயம்புத்தூர், நெட்வொர்க் பணி)

மேலே ஐயா சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதனுடன் இரண்டு சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை எட்டு மணிக்கு இரண்டு அடாப்டர்களையும் கீழ்த்தளத்தில் ஒரே அறையின் இரண்டு பிளக் பாயிண்டுகளில் செருகி, மடிக்கணினியிலிருந்து ரூட்டரின் முகவரிக்குப் பிங் (விடை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் சோதனைச் செய்தி) விட்டுப் பாருங்கள். எல்லா விடையும் சில மில்லிசெகண்டுகளில் வந்தால் அடாப்டர்கள் நலமாக இருக்கின்றன. பிறகு, இரண்டும் நேரடியாகச் சுவரில் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வடிகட்டி, இந்த அலையையும் இரைச்சல் என்று கருதி விழுங்கிவிடும்.

பெட்டியில் உள்ள 600 என்ற எண்ணால் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். ஆனால் அதை நம்பவும் வேண்டாம். அனுப்புவது, பெறுவது இரண்டுக்கும் சேர்த்து, கம்பியின் மேல் கணக்கிடப்படும் உச்ச எண் அது. அந்த வகை அடாப்டர்கள் பலவற்றில் லேன் துளையே 100 எம்பிபிஎஸ்தான். உங்களுக்குப் பகலில் கிடைத்த 60 மிக நல்ல அளவு.

கம்பியில்லா வழி என்றால், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் மலிவான ஒற்றைப் பட்டை (ஒரே அலைவரிசை) ரிப்பீட்டரை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் அங்கேயே பாதியாகிவிடும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பட்டைகளிலும் இயங்கி, ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாகப் பரப்பும் இரட்டைப் பட்டை மெஷ் பெட்டி ஜோடி பொருத்தமாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை நன்றாக ஊடுருவும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே அதில் உள்ளன. தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் அவையேதான். 5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் நம் அரசு 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் தேவையில்லாததாக அறிவித்ததால் இடம் தாராளமாக உண்டு. ஆனால் அது கான்கிரீட்டைக் கண்டால் களைத்துவிடும். ஆகவே மெஷ் பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விடை கிடைத்துவிட்டது. நேற்று மாலை ஆறே முக்காலுக்கு மெயின் போர்டு அருகில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குச் சற்று முன்பு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. அதன் முகப்பில் 172 என்று தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, வழக்கமாகச் செய்கிற வேலையாக, பேஸ் சுவிட்சை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பிவிட்டுப் போனார். மாடி அடாப்டரின் விளக்கு சிவப்பானது. இரவு படுக்கப் போகும்போது மறுபடி ஒன்றுக்குத் திருப்புகிறார். அந்தச் சுவிட்ச் கீழ்த்தளத்துக்கு மட்டுமே. மாடி எப்போதும் முதல் பேஸில் இருக்கிறது. பல ஆண்டுகளாக நடக்கும் இந்த வழக்கம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மாடியையும் அதே சுவிட்சின் வழியாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா?

மறுமொழி 1 (நாகர்கோவில்)

அப்படிச் செய்ய வேண்டாம். அந்தச் சுவிட்சும் அதற்குப் பின்னுள்ள கம்பியும் ஒரு தளத்தின் சுமைக்கென்று போடப்பட்டவை. மாடியில் ஏசி இருந்தால் இரண்டு தளத்துச் சுமையும் ஒரே பேஸில் ஏறி, சுவிட்சின் முனைகள் சூடாகிக் கருகும். இணையத்துக்காக அந்த ஆபத்தை வரவழைக்க வேண்டாம். 172 வோல்ட் என்பதும் சரியல்ல. தினமும் ஒரே பேஸில் அவ்வளவு இறங்குகிறது என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

மறுமொழி 3 (திருச்சி)

எனக்கும் இதே அனுபவம் உண்டு. மெஷ்தான் தீர்வாக அமைந்தது. ஆனால் முதல் மாதம் இரண்டாவது பெட்டியை என் மேசை மேலேயே வைத்திருந்தேன். கைப்பேசியில் நான்கு கோடும் தெரியும், வேகம் இருக்காது. பெட்டிக்கே நல்ல சிக்னல் வராதபோது அது எனக்கு எதைத் தரும்? மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் வைத்த பிறகுதான் சரியானது. படிக்கட்டின் திறப்பு வழியாக அலை தளத்தைத் துளைக்காமலே மேலே வந்துவிடுகிறது. இன்னொன்று: கரண்ட் போனால் மாடிப் பெட்டி அணைந்துவிடும். இன்வெர்ட்டர் லைன் அங்கே இல்லையென்றால், 12 வோல்ட் தரும் சிறிய ரூட்டர் யுபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் மெஷ் பெட்டியின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். மெஷ் ஜோடி வாங்கி, ஒன்றை ரூட்டர் அருகிலும் மற்றொன்றை மாடிப்படியின் தலைமாட்டிலும் வைத்தேன். அறைக்குள் நான் உட்காரும் இடத்தில் மாலை எட்டு மணிக்கு 70 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. கதவைச் சாத்தினால் 58. இந்தப் பத்து நாளில் ஓர் அழைப்புகூட அறுபடவில்லை. மின்வாரிய அலுவலகத்தில் மனுவும் கொடுத்திருக்கிறேன். பவர்லைன் அடாப்டர்களை வீணாக்க மனமில்லாமல், கீழ்த்தளத்தின் பின்அறைத் தொலைக்காட்சிக்குப் பொருத்தியுள்ளேன். அங்கே இரண்டும் ஒரே சுவிட்சுக்குப் பின்னால் இருப்பதால், அம்மா எந்தப் பேஸுக்குத் திருப்பினாலும் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன; ஒரு நிமிடத்தில் படம் திரும்ப வந்துவிடுகிறது.