தானியங்கி ஆன்டெனா ஸ்விட்ச்: அனுப்பும்போது ரிலே துடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒருமுறை என் ஹாம் ரேடியோவில் ஆன்டெனா ஸ்விட்சைத் திருப்ப மறந்து, 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆன்டெனாவுக்குள் 20 மீட்டர் அலைவரிசையில் பவரைக் கொடுத்துவிட்டேன். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) முள் கடைசிவரை போய் நின்றதைப் பார்த்த அன்றே தானாக மாறும் ஸ்விட்ச் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன்.

டிரான்சீவரின் (அனுப்பவும் கேட்கவும் செய்யும் ரேடியோ) பின்னாலிருந்து வரும் பேண்டு டேட்டா (எந்த அலைவரிசை என்று சொல்லும் சிக்னல்), நான்கு கம்பி பிசிடி குறியீடு (40 மீட்டருக்கு 0011, 20 மீட்டருக்கு 0101), ஆர்டுயினோ என்ற சிறிய கன்ட்ரோலர் போர்டுக்குப் போகிறது. அங்கிருந்து யூஎல்என்2003 என்ற ரிலே இயக்கும் ஐசி வழியாக, ஆன்டெனாவை மாற்றும் 12 வோல்ட் ரிலேக்கள். கேட்கும்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது, 10 வாட்டில் அனுப்பினாலும் பிரச்சினை இல்லை. ஆனால் 20 மீட்டரில் 50 வாட்டைத் தாண்டியதும் ரிலே டக்டக்கென்று துடிக்கிறது. பவர் போய்க்கொண்டிருக்கும்போதே காண்டாக்ட் திறந்தால் அது கருகிவிடும், டிரான்சீவரின் ஃபைனல் (கடைசிக் கட்ட பவர்) டிரான்சிஸ்டர்களுக்கும் ஆபத்து என்பதால் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக பவரை வாங்கி வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) 100 வாட் கொடுத்தாலும் துடிப்பு இல்லை. அப்படியென்றால் ஆன்டெனாவிலிருந்து ஆர்எஃப் (ரேடியோ அலை) கன்ட்ரோல் கேபிள் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு டேட்டா கம்பியிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

ஆர்எஃபைத் தடுக்க கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்ற நினைக்கிறேன்; அதில் 31 மிக்ஸ் (ஃபெரைட் கலவை வகை) போடலாமா, 43 போதுமா, எத்தனை சுற்று? அப்புறம், பிடிடி (அனுப்பும் பொத்தான்) அழுத்தியிருக்கும்வரை ரிலே மாறாமல் பூட்டுவதை புரோகிராமிலேயே செய்தால் போதுமா, இல்லை நிலையை மாறாமல் பிடித்து வைக்கும் தனி லாட்ச் ஐசி வைத்தால்தான் நம்பலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், சர்க்யூட் படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.