கதவு எண்கள் வட்டத்தின் நடுவே நிற்கவில்லை

ஆட்டோகேட் 2021 (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்). மதுரையில் மூன்று மாடி விடுதியின் வரைபடம். கதவு, ஜன்னல் எண்கள் 86. ஒவ்வொன்றும் வட்டத்துக்குள் அட்ரிபியூட் (இடத்துக்கு இடம் மாற்றக்கூடிய எழுத்து) கொண்ட பிளாக் (பல இடங்களில் செருகும் ஒரே உரு). தொடக்கத்தில் எழுத்தை இடது ஒழுங்கில் அமைத்துவிட்டேன். ‘க5’ பரவாயில்லை, ‘க12’ வட்டத்தைத் தாண்டி வலப்பக்கம் நீள்கிறது.

மூன்று நாளாகப் போராடுகிறேன். பிளாக் எடிட்டரில் எழுத்தின் ஒழுங்கை ‘மிடில் சென்டர்’ (நட்டநடு) என மாற்றினேன். புதிதாகச் செருகுபவை மட்டும் நடுவில் நிற்கின்றன, பழையவை அசையவில்லை. பழையவற்றையும் புதிய அமைப்புக்குக் கொண்டுவரும் அட்சிங்க் (ATTSYNC) கட்டளையைக் கொடுத்ததும் எல்லாம் நடுவுக்கு வந்தன. ஆனால் சாய்வுச் சுவரில் நான் தனித்தனியாகத் திருப்பிவைத்த 19 எண்களும் கோணத்தை இழந்தன. அந்தச் சுவர்தான் கட்டடத்தின் முகப்பு, அங்கே எண் புரண்டு கிடந்தால் தச்சர் தவறாகப் படித்துவிடுவார். உடனே அந்தக் கட்டளையை ரத்து செய்தேன். கண்ணளவில் நகர்த்தியும் பார்த்தேன். அச்செடுத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே.

வெள்ளிக்கிழமை வரைபடத்தைத் தர வேண்டும். திருப்பிய கோணம் மாறாமல், 86 எண்களின் ஒழுங்கை மட்டும் ஒரே தடவையில் நடுவுக்கு மாற்ற என்ன வழி?