சாட்ஸ்வொர்த்தில் ஒரு கொல்லைப்புற அறை

2014-ல் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தேன். கையில் ஓராண்டு விசா. வாடகை ஏஜெண்ட் ஒருவர் சம்பளச் சீட்டு, மூன்று மாத பாங்க் கணக்கு எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "விசா முடிஞ்சா யார் வாடகை தர்றது?" என்று அனுப்பிவிட்டார். கடைசியில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஒரு ஆன்ட்டி வீட்டுக் கொல்லையில் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங் கிடைத்தது. ஒரு அறையில் நான். அடுத்த அறையில் மலாவியிலிருந்து வந்த தையல்காரர்.

ஆன்ட்டிக்குத் தமிழ் பாதிதான் நினைவில் இருந்தது, ஆனாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஒருநாள் சமையலறைச் சுவரில் கை வைத்துச் சொன்னார்: "இது வரைக்கும் கவுன்சில் கட்டினது, தம்பி. அப்புறம் எங்க அப்பா." அந்த இடத்தில் சிமென்ட் நிறம் மாறி, விரல் நுழைகிற அளவு விரிசல் ஓடியது. அவர் அப்பா நகரசபைத் தொழிலாளி. ஊருக்குள் மேகசின் பாரக்ஸ் என்ற நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர்களை, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950-ன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, 1960-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவே இந்தியர்களை வேலியாக வைத்த திட்டம் அது. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆனாலும் அந்தக் காலத்தில் விரும்பிய இடத்தில் வீடு வாங்க முடியாது. கொல்லையில்தான் சுவர் எழுப்ப வேண்டும். நான் படுத்த அறை அப்படி வந்ததுதான்.

2015 ஏப்ரலில் பேச்சு மாறியது. பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சியில், கடையில், "வெளிநாட்டுக்காரங்க நம்ம வீட்டையெல்லாம் பிடிச்சுக்கிட்டாங்க" என்றார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அரசு இலவசமாகத் தரும் ஆர்டிபி வீட்டுக்குக் குடும்ப வருமானம் மாதம் 3,500 ராண்டுக்குள் இருக்க வேண்டும். குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். தையல்காரரால் மனுவே போட முடியாது. மாதாமாதம் வாடகை கொடுத்தார், அவ்வளவுதான்.

வெளிநாட்டவர் மீது அடிதடி பரவியதும், தையல்காரர் தப்பி வந்தவர்களுக்காக வெஸ்ட்கிளிஃப் மைதானத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குப் போனார். ஆன்ட்டி இரண்டு நாள் டிபன் கேரியரில் சோறு கொடுத்தனுப்பினார். பிறகு தையல்காரர் மலாவிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அறை ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. அரசு வீட்டுப் பட்டியலில் பல வருடமாகக் காத்திருக்கும் உள்ளூர் ஜோடி வந்தது. வாடகை ஒரு ராண்ட்கூடக் குறையவில்லை.

டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, எங்கள் கதை வேறு மாதிரி. நானும் கணவரும் சம்பாதிக்கிறோம். ஆர்டிபிக்கு எங்கள் சம்பளம் அதிகம், பாங்குக்கு அது போதாது. 3,501-லிருந்து 22,000 ராண்ட் வரை வாங்குபவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்றார்கள். சரி என்று போனோம். முதலில் பாங்க் கடன் கிடைக்கட்டும் என்றார்கள். நமக்குக் கட்டுப்படியாகும் வீடென்று காட்டியதோ ஊருக்கு வெளியே வெகுதூரத்தில். இரண்டு டாக்சி மாறி வேலைக்குப் போகும் செலவைக் கூட்டிப் பார்த்தோம். இப்போதும் மாமியார் வீட்டு அவுட்பில்டிங்கில்தான் இருக்கிறோம். எங்கள் பக்கத்து அறையில் ஜிம்பாப்வேக்காரர். அவரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.