வயிறு உப்புசம், ஓயாத வாயு: யாராவது உதவுங்கள், அவசரம்

புதுவரவு: மாஸ்டர்ஸ் படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சாப்பிட்ட பிறகு வயிறு கல் மாதிரி ஆகி, வாயு பிரிந்துகொண்டே இருக்கிறது. இந்தக் குளிரிலும் ரூம்மேட் ஜன்னலைத் திறந்து வைக்கிறான். நாளைக்கு செமினார் வேறு. என்ன செய்வது?

டொராண்டோ மாமா: எந்த நாடு, என்ன சாப்பாடு என்று சொல்லவில்லையே தம்பி? எப்படியும் குளிர்தான் காரணம். நான் வந்த புதிதில் பேஸ்மென்ட் அறை, ஹீட்டர் ஓடாது, வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார். ஓமத் தண்ணீரில்தான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினேன்.

மீனு: குளிருக்கும் வாயுவுக்கும் என்ன சம்பந்தம் மாமா? பால்தான். உடனே நிறுத்துங்கள்.

செல்வா: பாலை ஏன் நிறுத்த வேண்டும்? பெருங்காயம் போட்டால் எல்லாம் அடங்கும். ஆனால் இங்கே அதன் விலையைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

மீனு: முருங்கைக்காய் விலையைப் பார்த்தீர்களா? அதுவும் வாடிப்போனது!

புதுவரவு: ஜெர்மனி, ஸ்டுட்கார்ட். சமைக்கத் தெரியாது. டின் ராஜ்மா, ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி, தினமும் பால். தூக்கம் வராமலிருக்க சுகர்ஃப்ரீ சூயிங்கம்.

ராதா அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ராஜ்மாவில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பாக்டீரியா நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு ஆக்கும். சிலருக்கு மீத்தேனும் வரும். ரையிலும் வெங்காயத்திலும் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட், சூயிங்கத்தில் சேர்க்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி, எல்லாம் இதே கதைதான். போதாததற்கு மெல்லும்போது காற்றையும் விழுங்குகிறீர்கள்.

பால் விஷயத்தில் மீனு சொல்வது பாதி சரி. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைவாக இருந்தால்தான் பிரச்சினை. ஒரு வாரம் 'லாக்டோஸ்ஃப்ரை', அதாவது லாக்டோஸ் இல்லாத பால் வாங்கிப் பாருங்கள், எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கும். நாளைக்குச் சோறு, முட்டை, கேரட் போதும். சூயிங்கம் வேண்டாம். அப்புறம் ராஜ்மாவை டின் தண்ணீரைக் கொட்டி, நன்றாக அலசி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், குடல் பழகும். காய்ந்த ராஜ்மா என்றால் இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரைவேக்காடு நஞ்சு.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் டாக்டரிடம் போங்கள். கிளினிக் மூடிய நேரத்தில் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

புதுவரவு: நன்றி அக்கா. தயிர் சாப்பிடலாமா?

ராதா அக்கா: தாராளமாக. பெரும்பாலானோருக்குப் பாலைவிடத் தயிர் எளிதில் செரிக்கும். துருக்கிக் கடைக்குப் போங்கள், வாளியிலேயே விற்பார்கள்.