பழைய பெரிய எஸ்யூவியா, புதிய சின்ன கிராஸோவரா? தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

கடலோரம் (சாட்ஸ்வொர்த்):

எல்லோருக்கும் வணக்கம். கார் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கையிருப்பும் பேங்க் கடனும் சேர்த்து 350,000 ரேண்ட் வரை போகலாம், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அந்த விலைக்குள் எனக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, மச்சானுடைய நண்பர் விற்கிற பிஎம்டபிள்யூ எக்ஸ்5. 2015 மாடல், 3 லிட்டர் டீசல், லெதர் சீட், பின்னால் ஏர் சஸ்பென்ஷன், ஓடியது 160,000 கிலோமீட்டர், ஆனால் உள்ளே உட்கார்ந்தால் நேற்றுதான் எடுத்தது மாதிரி இருக்கிறது. இன்னொன்று, ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக டொயோட்டா ஸ்டார்லெட் கிராஸ், இல்லையென்றால் அதன் இரட்டைப் பிறவியான சுஸுகி ஃப்ரான்க்ஸ்.

வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. தினசரி ஓட்டம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பிராஸ்பெக்டனில் என் வேலை, சாமான் வாங்குவது, இவ்வளவுதான். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவில், டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு என்3 ஹைவே வழியாக ஒரு நீண்ட பயணம். மனைவி புதுசுதான் நல்லது என்கிறாள். மச்சான், இந்த ஊர் ரோட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவனுக்குப் பெரிய வண்டிதான் பாதுகாப்பு என்கிறார். எனக்கும் மனசு அந்தப் பெரிய வண்டி பக்கம்தான் சாய்கிறது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்கும்போது சின்னதை ஏன் வாங்க வேண்டும்?

பட்டறைக்காரர் (ஃபீனிக்ஸ்):

தம்பி, நான் பட்டறை வைத்திருக்கிறேன். வாரண்டி முடிந்த பெரிய வண்டிகளில்தான் என் பிழைப்பே நடக்கிறது, ஆகவே வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஒரே விலை என்று நீங்கள் சொல்வது வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான். பத்து வருஷத்தில் வண்டியின் விலை இறங்கிவிட்டது, அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. புதிதில் உங்கள் பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போன வண்டி அது, இன்றைக்கும் அந்த விலைக்குத் தகுந்த டயர், அந்த விலைக்குத் தகுந்த பிரேக் டிஸ்க், அந்த விலைக்குத் தகுந்த ஹெட்லைட்தான் கேட்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, வாங்குகிற பணத்தை மட்டும் பார்த்தால் போதாது.

உங்கள் ஓட்டத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது டீசல். சாட்ஸ்வொர்த்திலிருந்து பிராஸ்பெக்டன் கூப்பிடு தூரம். புகைபோக்கியில் ஒரு கரி வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அதில் சேர்கிற கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி நன்றாகச் சூடாகி ஹைவேயில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், வேலை, வீடு என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால் அது எரியவே எரியாது, அடைத்துக்கொள்ளும், அப்புறம் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இது அந்தக் கம்பெனி வண்டியின் குறை என்று நினைக்காதீர்கள், எந்த நவீன டீசலுக்கும் இதே கதைதான்.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன். பின்னால் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்றடைத்த ரப்பர் பை. வயதானால் அந்த ரப்பர் மடிப்பில் வெடிப்பு விடும். வண்டியைச் சமதரையில் ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்ப் பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை விட்டு அளந்து பாருங்கள். ஒரு பக்கம் நாலு விரல் போய் மறுபக்கம் இரண்டு விரல்தான் போகிறது என்றால் அந்தப் பக்கம் காற்று கசிகிறது. சந்தேகமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், நுரை கொப்பளித்துக் காட்டிக்கொடுக்கும். கசிவை அப்படியே விட்டால் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போகும்.

டயரையும் குனிந்து பாருங்கள். நாலும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று கலந்து போட்டால் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடிவாங்கும். விற்கப்போகிற நேரத்தில் இரண்டு டயர் மட்டும் மாற்றியிருக்கிறார் என்றால் உஷாராகுங்கள்.

மிட்லண்ட்ஸ் மேகம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

நான் ஸ்டார்லெட் கிராஸ் ஓட்டுகிறேன், ஆட்டோமேட்டிக். நல்லதும் கெட்டதும் இரண்டையும் சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் நல்லது மட்டும்தான் சொல்வார்கள்.

ஊருக்குள் இதைவிட நிம்மதியான வண்டி எனக்குத் தெரியாது. நாலு மீட்டர்தான் நீளம், எந்தச் சந்திலும் திருப்பலாம். கோவில் திருவிழா அன்றைக்கு மவுண்ட் எட்ஜ்கோமில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும், எக்ஸ்5 கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். பெட்ரோல் குடிப்பதும் குறைவு.

ஆனால் நீங்கள் லெனேஷியா என்று எழுதியிருக்கிறீர்கள். டர்பன் கடல் மட்டம், ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், மேலே காற்று லேசாகிவிடுகிறது, அவ்வளவுதான் காரணம். இந்த 1.5 லிட்டர் எஞ்சின் கடலோரத்தில் 77 கிலோவாட், அங்கே போய்ச் சேரும்போது 64 பக்கம்தான் மிஞ்சும். கியரும் நாலுதான். என்3யில் வருகிற வான் ரீனன் பாஸ் மலை ஏற்றத்தில் ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஏறும்போது இடது லேனில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், அவற்றைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கியர் இறங்கி எஞ்சின் கத்தும், வேகம் மெதுவாகத்தான் ஏறும். அதற்குத் தகுந்தபடி பொறுமையாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது, நான் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். பின்னால் சாமான் வைக்கிற பூட் இடமும் சின்னது, 300 லிட்டர் சொச்சம். ஐந்து பேருடைய டிசம்பர் பெட்டிகள் அதில் அடங்காது, கூரையில் கேரியர் போட வேண்டிவரும்.

அந்த ஏற்றம் உங்களுக்கு முக்கியமென்றால் டர்போ இருக்கிற சின்ன வண்டியையும் பாருங்கள். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 1.2 டர்போ, 82 கிலோவாட், உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். டர்போ காற்றைத் தானே அமுக்கிக்கொடுப்பதால் உயரம் அதை இந்த அளவுக்குப் பாதிப்பதில்லை.

அப்புறம் அம்மா விஷயம். என் மாமியாருக்கும் முழங்கால்தான். என் வண்டியின் சீட் அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார், யாரும் பிடிக்க வேண்டாம். கொழுந்தனாரின் பெரிய வண்டியில் முதலில் ஒரு காலைத் தூக்கி மேலே வைத்து, கைப்பிடியைப் பற்றி உடம்பையே ஏற்ற வேண்டும், அந்த ஒரு அடி உயரத்துக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது. எந்த வண்டியாக இருந்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மலைப்பாதை (ஹில்க்ரெஸ்ட்):

எல்லோரும் சின்ன வண்டி பக்கமே பேசுகிறீர்கள், மறுபக்கமும் வரட்டும். நான் பெரிய எஸ்யூவிதான் வைத்திருக்கிறேன், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூடுபனியில் ராத்திரி என்3யில் லாரிகளுக்கு நடுவே போகும்போது அந்தக் கனமும் அமைதியும் கொடுக்கிற தைரியத்தைச் சின்ன வண்டி கொடுக்காது. ஆறு சிலிண்டர் டீசல் வான் ரீனனை ஏற்றம் என்றே கண்டுகொள்ளாது. டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் மண் ரோட்டில் அடிக்கடி போகிறவனுக்கு, டிரெய்லர் இழுக்கிறவனுக்கு, சானி பாஸ் மலைப்பாதையில் ஏற நினைக்கிறவனுக்கு இது வெறும் ஆடம்பரம் கிடையாது, சானியில் ஏற நாலு சக்கர இழுவை கட்டாயம்.

ஆனால் நான் வாங்கியபோது அதற்குக் கம்பெனியின் சர்வீஸ் பிளான் பாக்கி இருந்தது, அது முடிந்த நாளிலிருந்து மாதாமாதம் வண்டிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குகிறேன். கடலோரம், உங்களுக்கு 350,000தான் எல்லை, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. 350,000 வைத்திருக்கிறவர் 250,000க்குப் பெரிய வண்டி வாங்கி மிச்சத்தைக் கையில் வைத்திருந்தால் நானே வாங்கச் சொல்வேன். முழுப் பணத்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டு அகலக்கால் வைக்காதீர்கள்.

மச்சான் சொல்கிற பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய வண்டி கனமானது, மோதலில் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷத்து டயரும் தேய்ந்த பிரேக்கும் உள்ள கனமான வண்டியை நிறுத்துவதுதான் கஷ்டம். சின்ன வண்டி வாங்கினால் கீழ் கிரேடில் எத்தனை ஏர்பேக் என்று கேளுங்கள், ஒரே மாடலில் கிரேடுக்குக் கிரேடு மாறும். மியூசிக் சிஸ்டத்துக்குக் கொடுக்கிற பணத்தை அதற்குக் கொடுங்கள்.

காப்பீட்டு மேசை (டோங்காட்):

சுருக்கமாகச் சொல்கிறேன், வேலை நேரம். விலை பேசுவதற்கு முன்னாலேயே இரண்டு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கோட் வாங்குங்கள், பிரீமியத்தில் மட்டுமல்ல, கிளெய்ம் செய்யும்போது நம் கையிலிருந்து கட்டுகிற எக்செஸ்ஸிலும் வித்தியாசம் தெரியும். சில வண்டிகளுக்கு, வண்டி இருக்கிற இடத்தைக் காட்டுகிற டிராக்கர் பொருத்தாமல் திருட்டுக்குக் காப்பீடு கிடையாது. பழைய விலையுயர்ந்த வண்டி ஒரு நடுத்தர விபத்தில் சிக்கினாலே ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கிவிடும், சரிசெய்யாமல் ரைட்-ஆஃப் என்று கணக்கை முடித்துவிடுவார்கள், கிடைக்கிற பணத்தில் கடன் அடையாமல் போகலாம். வருஷாவருஷம் லைசென்ஸ் டிஸ்க்குக்குக் கட்டுகிற பணமும் வண்டியின் எடையை வைத்துத்தான்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை, ஏற்கெனவே இருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கவோ சரிசெய்து கேட்கவோ உரிமை உண்டு, பழைய வண்டிக்கும் உண்டு. மச்சானின் நண்பர் டீலர் அல்ல, தனி ஆள். அவர் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதி விற்றால் உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டதாக அர்த்தம். தெரிந்தே குறையை மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சொந்தக்காரர் வழியாக வந்த ஆளிடம்.

பேங்கில் பலூன் வைத்து மாதத் தவணையைக் குறைத்துக் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை வந்து நிற்கும்.

கடலோரம் (சாட்ஸ்வொர்த்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேகம் அக்கா, அம்மாவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போகிறேன். இவ்வளவு பேர் சொன்ன பிறகு எக்ஸ்5 எனக்கு ஒத்துவராது என்று புரிகிறது, நாலு பக்கமும் பணம் இழுக்கிற நிலைமையில் நான் இல்லை. மச்சானிடம் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன். பட்டறை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. டீலரிடம் 2022 கொரோலா கிராஸ் 1.8 ஒன்று இருக்கிறது, என் பட்ஜெட்டுக்குள்தான். அது எப்படி?

பட்டறைக்காரர் (ஃபீனிக்ஸ்):

நான் பார்த்தவரை உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம் தம்பி. 103 கிலோவாட், டர்போ இல்லாவிட்டாலும் என்3 ஏற்றத்துக்குத் தாராளம், பூட் இடமும் பெரிது. 2021 முதல் நீங்கள் வேலை பார்க்கிற பிராஸ்பெக்டனிலேயே செய்கிற வண்டி, உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம். எந்தப் பட்டறையிலும் கொடுக்கலாம், எல்லோருக்கும் அந்த வேலை தெரியும்.

2022 என்பதால் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். அந்த வருஷம் ஏப்ரல் வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அதில் சிலவற்றைத் துடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். முன் சீட் பெல்ட்டை முடிகிற வரை முழுசாக வெளியே இழுங்கள், அடியில் சுருண்டிருந்த பாகத்தில் குறுக்கே ஒரு கறைக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அது நகர்கிற இரும்புத் தடத்தில் செம்மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஸ்பேர் வீல் பள்ளத்தில் கையை விட்டுத் துழாவுங்கள். கதவுகளை எல்லாம் சாத்தி ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள், ஈர வாசனை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சனிக்கிழமை காலையில் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், லிஃப்டில் ஏற்றி அடியையும் பார்த்துவிடலாம்.